கக்கத்தில் பை, கழுத்தில் பிடில்



"கல்யாணத்துக்கு முன்னால் ஏழு வருஷம் வீணை வாசித்தேன். இப்போது வீணை உறைக்குள்ளே தூங்குகிறது. அதன் மேலே இஸ்திரி போடவேண்டிய துணிகள் தூங்குகின்றன. நேரம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்?"

இந்த மாதிரிக் கடிதம் அடிக்கடி வருகிறது. வீணைக்குப் பதில் வாய்ப்பாட்டு, கோலம், தையல், கதை எழுதுவது என்று பெயர்தான் மாறும். கடைசி வரி மட்டும் மாறாது. "நேரம் எங்கே இருக்கிறது?"

நேரத்தைத் தேடிப் பிடித்துக் கட்டிப் போட்டிருக்கும் ஒரு பெண்மணியை இந்தத் தடவை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்தில், நாங்கள் குடியிருக்கும் பழைய கல் கட்டடத்தில், எங்கள் தலைக்கு நேர் மேலே இருக்கிறார். வயது நாற்பதைத் தொடப் போகிறது. ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவர் பஸ் ஓட்டுகிறார். மூத்தவளுக்கு ஒன்பது வயசு, சின்னவனுக்கு நாலு. இத்தனைக்கும் நடுவில் அந்த அம்மாள் பேக்பைப் வாசிக்கிறார், பிடிலும் வாசிக்கிறார். தொழிலாக இல்லை, வெறும் ஆசைக்காக. கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் கையில் ஏதாவது கொடுப்பார்கள். அது சீவாளி வாங்கவும் பெட்ரோல் போடவும் சரியாய்ப் போய்விடும்.

பேக்பைப் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். டெல்லி குடியரசு தின அணிவகுப்பில் பட்டாளத்துக்காரர்கள் கக்கத்தில் ஒரு பையை இடுக்கிக்கொண்டு ஊதிப் போவார்களே, அதுதான். நம் நாகஸ்வரத்தை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். விரல் வைத்து வாசிக்க ஒரு குழல். அதில் ஒன்பது ஸ்வரங்கள்தான். கூடவே தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று ஒத்துக் குழல்கள். நம் ஊரில் தனி ஆள் ஒத்து ஊதுவார், இங்கே ஒருவரே எல்லாம். நாலு குழலுக்கும் உள்ளே நாலு சீவாளி. வாயால் ஊதிப் பையை நிரப்பவேண்டும், மூச்சு வாங்கும்போது முழங்கையால் பையை அமுக்கவேண்டும். பையில் காற்று இருக்கும்வரை சத்தம் நிற்காது. ஒரே ஸ்வரத்தை இரண்டு தடவை வாசிக்க வேண்டுமானாலும் நடுவில் நிறுத்த முடியாது. அதற்காக மின்னல் மாதிரி வந்து மறையும் குட்டி ஸ்வரங்களை இடையில் செருகுகிறார்கள். அந்த விரல் வித்தை படியவே வருஷக்கணக்காகும்.

பிடில் நமக்கு அன்னியமில்லை. முத்துஸ்வாமி தீட்சிதரின் தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்தில் வெள்ளைக்காரரிடமிருந்து நம் சங்கீதத்துக்கு வந்து சேர்ந்த அதே வாத்தியம்தான். ஸ்காட்லாந்துக்காரர்கள் அதை நடனத்துக்கு வாசிக்கிறார்கள், நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ. நெய்ல் கோ என்று ஒரு மேதை (1727–1807) இருந்தார். இரண்டாவது மனைவி இறந்தபோது அவர் போட்ட ஒரு சோக மெட்டு இன்றும் இங்கே கேட்கிறது. மேல்மாடி அம்மாள் அதை வாசித்தால் நான் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு நின்று கேட்பேன்.

வாரம் எப்படிப் போகிறது?

செவ்வாயும் வியாழனும் மாலை ஏழரை மணிக்கு மாதாகோவில் ஹாலில் பைப் பாண்டு பயிற்சி. புதன்கிழமை பிடில்காரர்கள் ஒரு சாப்பாட்டுக் கடை மூலையில் கூடுவார்கள்; யாராவது ஒரு மெட்டை ஆரம்பித்தால் தெரிந்தவர்கள் எல்லாம் சேர்ந்துகொள்வார்கள். சனிக்கிழமை கல்யாணம், இல்லாவிட்டால் கெய்லி எனப்படும் ஊர் நடனம். ஞாயிறு காலையில் பாண்டில் சேர்ந்த குழந்தைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக்கொடுக்கிறார். இங்கே பல பாண்டுகளில் இது வழக்கம். இவருக்கும் சின்ன வயசில் யாரோ காசு வாங்காமல்தான் கற்றுக்கொடுத்தார்களாம்.

வருஷக் கணக்கு வேறே. ஜனவரி 25 கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாள். விருந்தில் பதார்த்தத்தைத் தட்டில் ஏந்தி வரும்போது முன்னால் பைப் ஊதிக்கொண்டு நடக்கவேண்டும். மே மாதத்திலிருந்து போட்டிகள். ஆகஸ்டில் கிளாஸ்கோ கிரீன் மைதானத்தில் உலக பைப் பாண்டுப் போட்டி நடக்கிறது. பல தேசங்களிலிருந்து பாண்டுகள் வரும். இவருடைய பாண்டு கீழ்ப் படியான நாலாம் வகுப்பில் இருக்கிறது. வட்டமாக நின்று சில நிமிஷம் வாசிப்பார்கள், நீதிபதிகள் சுற்றி நடந்து மார்க்குப் போடுவார்கள், அவ்வளவுதான். ஒரு வருஷ உழைப்பு, நம் வீட்டில் பால் பொங்குகிற நேரத்தில் முடிந்துவிடும்! நவம்பரில் போரில் இறந்தவர்களுக்கான அஞ்சலி, டிசம்பர் 31 ராத்திரி புது வருஷக் கொண்டாட்டம். நடுவே யாராவது இறந்துபோனால் சவ அடக்கத்துக்கும் கூப்பிடுவார்கள். அதற்கு மட்டும் அவர் மறுப்பு சொல்லி நான் பார்த்ததில்லை.

"ஒரு தாய்க்கு இதெல்லாம் தேவையா?" என்று உங்களில் சிலர் கேட்பது காதில் விழுகிறது. அவருடைய மாமியாரும் அதையேதான் கேட்டார். ஊர் எதுவானால் என்ன, மாமியார் கேள்வி ஒன்றுதான்!

மூன்று வருஷம் மூடிக் கிடந்த பெட்டி

சின்னவன் பிறந்ததும் அந்த அம்மாள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். பைப் பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. பிடில் பீரோ மேலே ஏறிற்று. "குழந்தைகளுக்காக" என்று சந்தோஷமாகத்தான் செய்தார். ஆனால் மாதம் செல்லச் செல்ல மனசு இருட்டிக்கொண்டு வந்தது. குழந்தை தூங்கினாலும் இவருக்குத் தூக்கமில்லை. காரணமில்லாமல் அழுகை. பெரியவள் பள்ளிக்கூடத்தில் வரைந்த படத்தைக் காட்டினால் பார்க்கக்கூடத் தோன்றவில்லை.

இந்த ஊரில் பிரசவமான வீட்டுக்கு, தாயையும் சேயையும் பார்க்க ஒரு நர்ஸ் வருவது வழக்கம். அவர் குழந்தையை எடை போட்டுவிட்டு, "பிள்ளை நல்லா இருக்கான். நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாராம்.

"அந்த ஒரு கேள்விக்கு அரை மணி நேரம் அழுதேன். நானே ஒரு நர்ஸ். மற்றவங்களுக்கு வந்தா கண்டுபிடிச்சிருப்பேன். எனக்கு வந்தது தெரியலை" என்றார் என்னிடம்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு அது. டாக்டர் மருந்து கொடுத்தார்; பேசித் தெளிய ஆள் ஏற்பாடு செய்தார். கடைசியில், "முன்னே எதைச் செய்தால் உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்?" என்று விசாரித்தார். பேக்பைப் என்றதும், "மெதுவா அதை எடுங்களேன்" என்றார்.

பெட்டியைத் திறந்தால், தோல் பை ஊதாமல் கிடந்து காய்ந்து, தையலில் காற்று ஒழுகியது. வேறு பை கட்டினார்கள். அதுவரை குழந்தைகள் பழகுகிற சின்னப் பயிற்சிக் குழலில் தினம் ஐந்து நிமிஷம். அப்புறம் பத்து. ஆறு மாதம் கழித்து பாண்டில் கடைசி வரிசையில் போய் நின்றார்.

இது ஏதோ ஒருத்தி கதை என்று நினைக்கவேண்டாம். 2018-இல் ஒரு பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் ஓர் ஆராய்ச்சி வந்தது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வுக்கு ஆளான 134 தாய்மார்களை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினரைக் குழந்தைகளுடன் பத்து வாரம் கூடிப் பாடவைத்தார்கள். சோர்வு அதிகமாக இருந்தவர்களில், வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிடப் பாடினவர்கள் சீக்கிரம் தேறத் தொடங்கினார்கள். பாட்டு மருந்துக்குப் பதில் ஆகாது, மருந்துக்குத் துணை. இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமின்மை, அழுகை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் வெட்கப்படாமல் டாக்டரிடம் போங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளலாம் போல எண்ணம் தலைகாட்டினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள்.

மாமியார் கேள்விக்குக் கணவர் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன்: "வாரத்தில் ரெண்டு ராத்திரி அவள் வெளியே போறாள் அம்மா. மீதி அஞ்சு ராத்திரியும் அவள் நிஜமாவே வீட்டில் இருக்கிறாள்." பாவம், செவ்வாய்க்கிழமை அவர் சமைக்கும் உருளைக்கிழங்கு சூப்பைத்தான் குழந்தைகள் சகித்துக்கொள்ளவேண்டியிருக்கிறது!

இன்னொரு விஷயமும் சொல்லவேண்டும். பட்டாளத்து வாத்தியம் என்று பெயர் வாங்கிய பேக்பைப்பில், ஓபன், இன்வர்நஸ் நகரங்களில் நடக்கும் பெரிய தனிப் போட்டிகளில் 1970-களின் நடுப்பகுதிவரை பெண்களுக்கு இடமே இல்லை. 1975-இல் பிரிட்டனில் ஆண்-பெண் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வந்த காலத்தை ஒட்டித்தான் கதவு திறந்தது. 2010-இல் ஓபன் நகரப் போட்டியில் ஃபே ஹெண்டர்சன் தங்கப் பதக்கம் வாங்கினார். அங்கே அதை வாங்கிய முதல் பெண் அவர்தான். அவருடைய தாயாரும் பைப் வாசிப்பவர். அம்மா பெட்டியை மூடி வைத்திருந்தால் மகள் எங்கே கேட்டிருப்பாள்?

இருமல் வந்த குளிர்காலம்

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால் அவருக்கு இருமல் பிடித்தது. ஜலதோஷம் என்று நினைத்தார். மூன்று மாதமாகியும் விடவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது.

அப்போது கூட வேலை செய்யும் ஒருவர் ஒரு பழைய மருத்துவச் செய்தியை ஞாபகப்படுத்தினார். 2016-இல் ஒரு நுரையீரல் மருத்துவ இதழில் இங்கிலாந்து டாக்டர்கள் எழுதியிருந்தது அது. 61 வயது மனிதர், தினமும் பேக்பைப் வாசிப்பவர், ஏழு வருஷமாக இருமலும் மூச்சுத் திணறலும். பைப்பை விட்டுவிட்டு மூன்று மாதம் ஆஸ்திரேலியா போனபோது மட்டும் உடம்பு நன்றாகத் தேறியது. சோதித்தால் பைப்பின் உள்ளே பலவகைப் பூஞ்சைகள்! வாசிக்கும்போதெல்லாம் அவற்றைச் சுவாசித்து நுரையீரல் ஒவ்வாமை வந்து கெட்டுப்போயிருந்தது. சிகிச்சை பலிக்காமல் அவர் 2014-இல் இறந்துவிட்டார்.

மேல்மாடி அம்மாள் அன்றைக்கே டாக்டரிடம் ஓடினார். படம் எடுத்தார்கள், மூச்சை அளந்தார்கள். நல்லவேளை, நுரையீரலில் தழும்பு விழவில்லை. பையைக் கழற்றிப் பார்த்தபோது மழைக்காலத்துச் செருப்பு அலமாரி வாசனை அடித்ததாம். சில வாரம் ஊதவே கூடாது என்று உத்தரவு. பையையும் சீவாளிகளையும் மாற்றினார். குழல்களைச் சுத்தம் செய்தார். இருமல் நின்றது.

இப்போது அவருடைய வழக்கம் இது. வாசித்து முடித்ததும் குழல்களைத் தனித்தனியே கழற்றி, உள்ளே துணி விட்டு ஈரத்தைத் துடைக்கிறார். வாய் வைக்கும் குழாயை அடிக்கடி சோப்புத் தண்ணீரில் கழுவுகிறார். ஈரத்தோடு பெட்டியை மூடுவதே இல்லை.

நமக்கு எதற்கு இந்தக் கதை என்கிறீர்களா? உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். குழந்தையின் பால் புட்டி ரப்பர், உறிஞ்சு குழாய் வைத்த தண்ணீர் பாட்டில், மவுத் ஆர்கன், புல்லாங்குழல், இழுப்புக்கு மருந்துப் புகை பிடிக்கும் கருவியின் மூடியும் குழாயும் எல்லாமே வாயும் ஈரமும் சேர்கிற இடங்கள்தான். கழுவினால் மட்டும் போதாது, உலரவேண்டும். மூடிய ஈரத்தில்தான் பூஞ்சை வளரும். ஒருவர் ஊதியதை இன்னொரு குழந்தை வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் யாருக்கானாலும் மூன்று வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், "வெறும் சளி" என்று கஷாயத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

காதும் கழுத்தும்

பேக்பைப் சத்தம் நூறு டெசிபலைத் தாண்டும். 85 டெசிபல் சத்தத்தில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால், நூறு டெசிபலில் கால் மணி நேரம்தான் பாதுகாப்பு என்பது நிபுணர்கள் கணக்கு. ஆகையால் பாண்டில் இவர் காதடைப்பான் இல்லாமல் நிற்பதில்லை. வீட்டில் சத்தம் குறைந்த பயிற்சிக் குழல் மட்டுமே, அக்கம்பக்கத்தாருக்கும் நிம்மதி. நீங்கள் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: கைநீட்டும் தூரத்தில் இருப்பவரிடம் கத்தினால்தான் கேட்கிறது என்றால், அந்தச் சத்தம் காதுக்கு ஆகாது. கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி, மேளம் பக்கத்தில் கைக்குழந்தையோடு உட்காராதீர்கள்.

பிடிலுக்குக் கழுத்து வலி உண்டு. தாடையால் அமுக்கி, தோளைத் தூக்கிக்கொண்டே வாசித்தால் வினைதான். "வாத்தியத்தை உன்கிட்டே கொண்டு வா, நீ அதுகிட்டே குனியாதே" என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் சொல்வாராம். பால் கொடுக்கும் தாய்மாருக்கும் அதே வார்த்தைதான்! குனிந்து பால் கொடுக்காதீர்கள். மடியில் தலையணை வைத்துக் குழந்தையை உயர்த்திக்கொண்டு, முதுகைச் சாய்த்து உட்காருங்கள். பாதி முதுகுவலி போய்விடும்.

பிரசவமான புதிதில் ஊதும் வாத்தியமோ, உரக்கப் பாடுவதோ, எதுவானாலும் வயிற்றையும் அடி இடுப்பையும் அழுத்தும். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

சரி, நேரம் எங்கே கிடைக்கிறது?

நான் அவரிடம் கேட்டே விட்டேன். சொன்னார்:

"பிடிலைப் பெட்டியில் வைக்கிறதில்லை. சுவரில் ஆணி அடிச்சு, பையன் கைக்கு எட்டாத உயரத்திலே மாட்டியிருக்கேன். பெட்டியைத் திறக்கிறதுதான் மலைப்பு. கண்ணுக்கு முன்னாலே இருந்தா கை தானாப் போகும். தினம் பதினஞ்சு நிமிஷம், அதுக்கு மேலே ஆசைப்படறதில்லை. உருளைக்கிழங்கு வேகிற நேரம்தான் என் பாட நேரம். பாத்திரம் காத்திருக்கும், ஓடிப்போகாது. அப்புறம், செவ்வாய், வியாழன் வீட்டுக் காலண்டரிலே சிவப்பு மையிலே எழுதியிருக்கு. டாக்டரைப் பார்க்கிற நாளை யாராவது மாத்துவாங்களா? அது மாதிரிதான் இதுவும்."

எல்லாமும் முடிந்துவிடுவதில்லை. போன மே மாதப் போட்டி அன்று சின்னவனுக்கு ஜுரம், இவர் போகவில்லை. பாண்டு ஓர் ஆள் குறைவாகவே வாசித்தது. அடுத்த செவ்வாய் வழக்கம்போல ஹாலுக்குப் போனார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. "விட்டுப்போகிற நாள் வரும். விட்டுப்போச்சேன்னு நிறுத்தக்கூடாது" என்பது அவர் கட்சி.

வேலையைக் குறைக்கும் சின்னத் தந்திரங்களும் வைத்திருக்கிறார். பாண்டு உடுப்பான கில்ட் பாவாடை சுமார் எட்டு கெஜக் கம்பளித் துணி, பின்பக்கம் முழுக்க மடிப்பு. அதை இஸ்திரி போடுவதற்கு முன், மடிப்புகளை நீளத் தையலாகத் தற்காலிகமாகத் தைத்துவிட்டு, ஈரத் துணி போட்டு அழுத்தி எடுக்கிறார். பிறகு நூலைப் பிரித்துவிடுவார். உங்கள் மகளின் பள்ளிக்கூட மடிப்புப் பாவாடைக்கும் இது பலிக்கும். நான் செய்து பார்த்தேன், ஒரு மடிப்பும் நகரவில்லை.

போட்டிக்குப் போகும்போது ஒரு டப்பா நிறைய ஷார்ட்பிரெட் பிஸ்கட் எடுத்துப் போவார். முட்டையே இல்லாததால் நம் வீடுகளுக்கும் ஏற்றது. எடைக்கணக்கு ரொம்பச் சுலபம்: சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மைதா மூன்று பங்கு. 50 கிராம் சர்க்கரைக்கு 100 கிராம் வெண்ணெய், 150 கிராம் மைதா. வெண்ணெயையும் சர்க்கரையையும் குழைத்து, சலித்த மைதாவையும் ஒரு சிட்டிகை உப்பையும் சேர்த்து, அதிகம் பிசையாமல் ஒன்றுசேர்க்கவும். அரை அங்குல கனத்தில் தட்டி, முள்கரண்டியால் குத்தி, 160 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் அரை மணி நேரம் போல வைக்கவும். ஓரம் இலேசாகச் சிவந்தால் போதும், நடுவில் வெளுப்பாகத்தான் இருக்கவேண்டும். சூடாக இருக்கும்போதே வில்லை போட்டு, ஆறினபின் எடுக்கவும்.

பிஸ்கட் அடுப்பில் இருக்கும் அந்த அரை மணி நேரம் உங்களுடையது. வீணையோ, தையலோ, விட்டுப்போன எதுவோ, எடுத்துத் தூசி தட்டிப் பாருங்கள். முதல் நாள் எப்படி இருந்தது என்று எனக்கு எழுதுங்கள்.